ஈரப்பதம் 17-ஐத் தாண்டினால் யாரைப் பிடிப்பது?

தை மாதத்தில் விடாமல் மழை பெய்தால் எங்கள் விவசாயிகள் சங்கத்துக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். "நெல்லை எடுக்க மாட்டேங்கிறாங்க, கலெக்டர் ஆபீஸ்ல உட்கார்ந்துடலாமா?" உட்காரலாம். ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிய நெல்லை அரசு கொள்முதல் நிலையத்தில் எடுக்கக் கூடாது என்ற வரம்பு கலெக்டர் போட்டதல்ல, டெல்லி உணவு அமைச்சகம் போட்டது. அவரால் தளர்த்த முடியாது. அரசாங்கத்திடம் எதையாவது கேட்டு வாங்க வேண்டுமென்றால், அதில் யார் கையெழுத்துச் செல்லும் என்று முதலில் விசாரியுங்கள்.

தார்ப்பாய் இல்லை, சாக்கு இல்லை என்றால், நிலையங்களை நடத்தும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் மண்டல மேலாளரைப் பாருங்கள். அசையவில்லையென்றால் மாதாந்திரக் குறைதீர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கலெக்டர் முன்னால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். ஈரப்பதத்துக்கு வழி நீளம். மாநில அரசு டெல்லிக்கு எழுத வேண்டும், மத்தியக் குழு வந்து நிலையங்களில் மாதிரி எடுக்க வேண்டும், அப்புறம்தான் உத்தரவு. 2023 பிப்ரவரியில் மாநிலம் 22 கேட்டது, கிடைத்தது 20. அதனால் மழை பிடித்த அன்றே வேலையைத் தொடங்குங்கள்.

மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. 'வயிறு எரிகிறது' என்று எழுதினால் அதை வைத்து அதிகாரி என்ன செய்வார்? எந்த நிலையம், 40 கிலோ மூட்டை எத்தனை கிடக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, ஈரப்பத மீட்டர் என்ன காட்டியது என்று எழுதுங்கள். மீட்டரில் 18.6 தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் வையுங்கள். மேலே அனுப்பும் குறிப்பில் அவர் அப்படியே சேர்த்துக்கொள்வார். பாதி வேலையை நாமே செய்து கொடுப்பதுதான் இதில் சூட்சுமம். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அதே கதவை வேறு பலரும் தட்டுகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நிலையத்தில் திருப்பி அனுப்பிய நெல் அடிமாட்டு விலைக்குப் போகும். அதை வாங்கும் வியாபாரிக்கு வரம்பு தளராமல் இருந்தால்தான் லாபம். அரிசி ஆலைக்காரர்கள் சத்தமே போடுவதில்லை, நேராகச் சென்னைக்குப் போய்ப் பேசிவிடுவார்கள். சுமை தூக்குவோர் சங்கம் கூலிக்காக வேலையை நிறுத்தினால் நம் மூட்டைதான் வெயிலிலும் மழையிலும் கிடக்கும், ஆனாலும் அவர்கள் கேட்பது நியாயமாகவே இருக்கும். விவசாயத் தொழிலாளர் சங்கமும் நாமும் தண்ணீர் என்றால் ஒரே அணி, கூலி என்றால் எதிரெதிர் அணி. ஹைட்ரோகார்பன், அதாவது எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கு எதிர்ப்பு வேறு ரகம். தஞ்சை மாவட்டக் கதிராமங்கலம் மாதிரிப் போராட்டங்களில் நிலமே இல்லாதவர்களும் நின்றார்கள். அப்படிப் பலரும் சேர்ந்து கொடுத்த அழுத்தத்துக்குப் பிறகுதான் 2020-ல் டெல்டாவில் புதிதாக அப்படிக் கிணறு தோண்டத் தடை போடும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது.

கட்சி சார்ந்த சங்கமா, சாராததா என்று கேட்பார்கள். கட்சிச் சங்கத்துக்காரர் கூப்பிட்டால் எம்.எல்.ஏ. போனை எடுப்பார். அந்தக் கட்சி ஆளும் கூட்டணியில் இருந்தால் சங்கத்துக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இரண்டு வகையும் வேண்டும் என்பேன்.

கோர்ட்டும் ஒரு வழிதான், ஆனால் ஆயுசு பிடிக்கும். காவிரித் தண்ணீருக்காக டெல்டா விவசாயிகள் சங்கம் ஒன்று 1983-ல் உச்ச நீதிமன்றம் போனது. நடுவர் மன்றம் அமைந்தது 1990 ஜூனில். இறுதித் தீர்ப்பு 2007-ல். 2018-ல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு 404.25 டி.எம்.சி. என்று முடித்தது. ஈர நெல்லுக்கு இந்த வழி ஆகாது.

மறியலைக் கடைசிக்கு வையுங்கள். மனு கொடுத்த தேதி கையில் இருந்தால்தான் மறியலுக்கு மரியாதை.

அமெரிக்காவில் பிறருக்காக அரசாங்கத்திடம் பேசுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்து, யாருக்காகப் பேசுகிறோம் என்று கணக்குக் காட்ட வேண்டும். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் யார் யாரைப் பார்த்தார் என்பது வெளியே தெரிவதில்லை. நீங்கள் பார்த்தால் நாலு பேராகப் போங்கள், மனு நகலை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். கவர் கொடுத்துக் காரியம் முடித்துத் தருவதாக வரும் ஆளைத் திண்ணையிலேயே நிறுத்துங்கள். அது லஞ்சம், கொடுப்பவருக்கும் தண்டனை உண்டு.

ஈரப்பத வரம்பைத் தளர்த்தி உத்தரவு வந்த செய்தியை டிவியில் பார்த்துவிட்டு வண்டி கட்டாதீர்கள். நிலையத்துப் பட்டியல் எழுத்தர் "எனக்கு ஒண்ணும் வரலையே" என்பார். நகலை வாங்கி, விலையில் கழிவு உண்டா, எந்தத் தேதி வரை செல்லும் என்று படித்துப் பார்த்து, அவர் மேஜையில் ஒன்றை வைத்துவிட்டு மூட்டையை இறக்குங்கள்.