மாணவருக்குக் குறைந்த செலவில் கம்ப்யூட்டர்: எந்தப் பாகத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது

அக்கா மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, அவளுக்கு வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர் சேர்த்தோம். முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர்களுக்கு உதவும் என்று, தேர்ந்தெடுத்த வரிசையிலேயே எழுதுகிறேன். புரோகிராமிங், ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, ஆன்லைன் வகுப்பு, லேசான விளையாட்டுகள்: தேவை இவ்வளவுதான். விண்டோஸ் அல்லது உபுண்டு நிறுவுவதைப் பற்றி இங்கே சொல்லப்போவதில்லை.

1. பிராசசர்

திரைக்குப் படம் அனுப்பும் தனி கிராபிக்ஸ் கார்டு இப்போது வேண்டாம். சின்ன பட்ஜெட்டில் பாதியை அது ஒன்றே விழுங்கிவிடும். கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் பிராசசரை வாங்குங்கள். பிறகு கை கொஞ்சம் நிமிர்ந்ததும் கார்டு சேர்த்துக்கொள்ளலாம்.

என் தேர்வு ஏஎம்டி ரைசன் 5 5600ஜி. 2021இல் வந்தது. 6 கோர், 12 த்ரெட், 65 வாட். கூலர் பெட்டியிலேயே வரும். இன்டெல்தான் வேண்டும் என்றால் ஐ3 12100 எடுக்கலாம், ஆனால் கீழே போர்டு பற்றிச் சொல்வது ரைசனுக்குத்தான்.

பெயரின் கடைசி எழுத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். 5600ஜி வேறு, 5600 வேறு. 5600, 5500 இரண்டிலும் கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் 12100எஃப் போல ‘எஃப்’ என்று முடிந்தால் அதிலும் கிடையாது. “அதே ஸ்பீடு, விலை கம்மி சார்” என்று கடையில் எடுத்துக் காட்டுவார்கள். ஸ்பீடு பற்றி அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் மதர்போர்டின் (எல்லாப் பாகங்களையும் பொருத்தும் பலகை) பின்னால் மானிட்டரை இணைக்கும் எச்டிஎம்ஐ சாக்கெட் இருந்தும் அதில் படம் வராது.

இன்னொன்று, பெட்டி இல்லாமல் ‘ட்ரே’ பிராசசர் என்று விற்பார்கள். கூலரைத் தனியாக வாங்க வேண்டும், வாரண்டியும் கடைக்காரர் தருவதுதான். விலை வித்தியாசம் பெரிதாக இல்லையென்றால் பெட்டியோடு வாங்குங்கள்.

2. மதர்போர்டும் பயாஸும்

எங்களை நிறுத்திவைத்த இடம் இது. எல்லாவற்றையும் பொருத்தி சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. ரேமைக் கழற்றி மாட்டினோம், கேபிளை மாற்றினோம், பலன் இல்லை. காரணம் போர்டில் இருந்த பழைய பயாஸ், அதாவது சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடி பாகங்களை அடையாளம் காணும் மென்பொருள்.

ஏஎம்4 என்ற ஒரே சாக்கெட்டில் ஏஎம்டி பல தலைமுறைப் பிராசசர்களை விற்றது. பிராசசர் சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்துவிடும். ஆனால் போர்டில் உள்ள பயாஸுக்கு அந்தப் பிராசசரைத் தெரிந்திருக்க வேண்டும். ஏஎம்4 போர்டு வகைகளில் பி450 போர்டுகள் 2018இல் வந்தவை, ஏ520, பி550 இரண்டும் 2020இல் வந்தவை. 5600ஜி கடைக்கு வந்தது 2021 ஆகஸ்டில். அதற்கு முன்பே பெட்டிக்குள் போன போர்டு இன்றும் ஏதாவது அலமாரியில் இருக்கலாம். பெட்டிமேல் ‘ரைசன் 5000 ரெடி’ என்று ஸ்டிக்கர் இருந்தாலும் அதை மட்டும் நம்ப வேண்டாம். ‘ஜி’ இல்லாத 5000 வரிசை 2020 நவம்பரிலேயே வந்துவிட்டது, ஸ்டிக்கர் அப்போது ஒட்டியதாக இருக்கலாம்.

எனவே வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். போர்டு நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த மாடலுக்கான ‘சிபியு சப்போர்ட்’ (எந்தப் பிராசசர்கள் ஓடும் என்ற) பட்டியலைத் திறங்கள். 5600ஜிக்கு நேராக, குறைந்தபட்சம் எந்த பயாஸ் பதிப்பு வேண்டும் என்று போட்டிருக்கும். அதைக் குறித்துக்கொண்டு போய், கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். ரிச்சி தெருவில் பல கடைகளில் பழைய பிராசசர் ஒன்றைப் பொருத்தி அப்டேட் செய்து கொடுத்துவிடுவார்கள்.

அதைவிட நல்ல வழி, பிராசசர் இல்லாமலே பயாஸ் ஏற்றும் பட்டன் உள்ள போர்டை வாங்குவது. எம்எஸ்ஐயில் ‘ஃப்ளாஷ் பயாஸ் பட்டன்’, கிகாபைட்டில் ‘கியூ-ஃப்ளாஷ் பிளஸ்’, அசூஸில் ‘பயாஸ் ஃப்ளாஷ்பேக்’ என்பார்கள். எல்லா மாடலிலும் இருக்காது, ஏ520இல் அரிது, பி550இல் தேடினால் கிடைக்கும். பென்டிரைவை ஃபேட்32ஆக ஃபார்மேட் செய்து, பயாஸ் ஃபைலுக்குக் கையேட்டில் சொன்ன பெயரை எழுத்து மாறாமல் வையுங்கள். பின்னால் அதற்கென்று குறியிட்ட யுஎஸ்பி சாக்கெட்டில்தான் செருக வேண்டும், வேறு எதில் செருகினாலும் ஒன்றும் நடக்காது. எஸ்எம்பிஎஸ்ஸின் (பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி) 24 பின், 8 பின் கேபிள்கள் இரண்டையும் மாட்டி பட்டனை அழுத்துங்கள். விளக்கு சில நிமிடம் மின்னிவிட்டு நிற்கும். நடுவில் கரண்ட் போனால் சிக்கல், யுபிஎஸ்ஸில் வைத்தே செய்யுங்கள்.

3. ரேம்: 16 ஜிபி ஒன்று அல்ல, 8 ஜிபி இரண்டு

பிராசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். இரண்டு ரேம் இருந்தால் இரண்டு சேனலிலும் (தரவு போகும் பாதை) தரவு ஓடும், விளையாட்டுகளில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டிடிஆர்4 (ரேமின் வகை), 3200 (அதன் வேகம்) என்று கேளுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள்.

மாட்டியதும் பெரும்பாலும் 3200இல் ஓடாது, 2133, 2400, 2666 என்று ஏதாவதொன்றில் நிற்கும். பயாஸில் ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவிடும் ‘எக்ஸ்எம்பி’ அமைப்பை ஆன் செய்ய வேண்டும் (அசூஸ் போர்டுகளில் ‘டிஓசிபி’). கொடுத்த காசுக்கு உரிய வேகம் அப்போதுதான் கிடைக்கும்.

4. எஸ்எஸ்டி

500 ஜிபி என்விஎம்இ, எம்.2 (போர்டிலேயே நேராகச் செருகும் வேகமான வகை). ஜென் 4 (வேகத்தின் தலைமுறை) என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்காதீர்கள், 5600ஜி ஜென் 3 வேகத்துக்கு மேல் போகாது. ஜென் 4 எஸ்எஸ்டி அதே விலையில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், குறைந்த வேகத்தில் நன்றாகவே ஓடும். ஹார்ட் டிஸ்க் தேவையில்லை.

5. எஸ்எம்பிஎஸ்: இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள்

கேபினெட்டோடு சேர்ந்தே வரும் ‘500 வாட்’ எஸ்எம்பிஎஸ்ஸை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அவற்றில் பலவற்றில் ஸ்டிக்கரில் போட்ட வாட்டை நம்ப முடியாது. அது கெட்டுப்போகும்போது போர்டையும் சேர்த்துக் கெடுக்கலாம். இந்த கம்ப்யூட்டருக்கு 200 வாட்டே தாராளம். இருந்தாலும் நாளைக்குக் கிராபிக்ஸ் கார்டு போட வேண்டுமே, அதற்காக 450 அல்லது 550 வாட்டில், 80 பிளஸ் பிரான்ஸ் சான்றுள்ளதை வாங்குங்கள். 80 பிளஸ் என்பது மின்சாரத்தை வீணாக்காத திறனுக்கான சான்று மட்டுமே, ஆகவே பிராண்டையும் பாருங்கள். எனக்குப் பிடித்தவை கோர்சேர் சிஎக்ஸ் வரிசை, டீப்கூல் பிகே வரிசை.

6. மற்றவை

கேபினெட்டில் முன்பக்கம் காற்றுப்போக வலை இருந்தால் போதும், கண்ணாடிக்கும் வண்ண விளக்குக்கும் காசு போட வேண்டாம். யுபிஎஸ் 600 விஏ. கேபினெட்டைத் தொட்டால் கை சுருசுருவென்று இழுத்தால் பிளக் பாயிண்டில் எர்த் சரியில்லை. முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சரிசெய்யுங்கள்.

கடையில் சொல்லும் விலை 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பில் இல்லாமல் குறைத்துத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரண்டிக்குப் போய் நிற்கும்போது அந்த பில்லைத்தான் கேட்பார்கள்.

பின்சேர்ப்பு

“16 ஜிபி போட்டேன், விண்டோஸ் 15 சொச்சம்தான் காட்டுகிறது” என்று சிலர் கேட்டிருந்தார்கள். கிராபிக்ஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டது போக மீதியைக் காட்டுகிறது, ரேமில் கோளாறு இல்லை.

ரேம் விலை 2025 கடைசியில் கடுமையாக ஏறிவிட்டது, அதனால் என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். பட்ஜெட் தாங்கவில்லையென்றால் இப்போதைக்கு ஒரே ஒரு 8 ஜிபி போட்டு ஆரம்பியுங்கள். ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ அதில் திணறும், மற்ற வேலைகள் நடக்கும். ரேமின் மேல் உள்ள மாடல் எண்ணைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அதே மாடலில் இன்னொன்று வாங்குங்கள். ரேம் விலையைச் சமாளிக்க எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்க வேண்டாம்.