சுயேச்சை உறுப்பினரின் பாராளுமன்றப் பணியைப் பதிவேட்டில் வாசிப்பது எப்படி

சபையில் ஓர் உறுப்பினர் என்ன செய்கிறார் என்பதை வன்னியில் நாம் பெரும்பாலும் கைத்தொலைபேசிக்கு வரும் இரண்டு நிமிடக் காணொளியை வைத்தே முடிவு செய்துவிடுகிறோம். கட்சி உறுப்பினர் என்றால் அதனால் பெரிய இழப்பில்லை. கட்சியின் நிலைப்பாடு வேறு வழிகளிலும் தெரியவரும். சுயேச்சையாகச் சென்றவருக்கோ, அவர் கேட்ட வினா, அளித்த வாக்கு, கொண்டுவந்த பிரேரணை என்பவற்றைத் தவிர வேறு முகவரி இல்லை. அவை பாராளுமன்ற நடவடிக்கைகளின் அதிகாரபூர்வ அறிக்கையான ஹன்சார்டில் இருக்கின்றன.

முதலில், அவர் உண்மையில் சுயேச்சையா என்று பாருங்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஆறு ஆசனங்களைக் கொண்ட வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி வாசகர் தம்மை வன்னியார் என்று சொல்லிக்கொண்டாலும் வாக்களிப்பது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில். 2024ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அங்கே சுயேச்சைக் குழு 17 ஓர் ஆசனத்தைப் பெற்றது. சுயேச்சைக் குழுவின் வேட்புமனுவில் தெரிவானவர் ஒருவகை. கட்சிப் பட்டியலில் வென்றபின் சபையில் தனித்து இயங்குவதாக அறிவிப்பவர் இன்னொரு வகை. 2022 ஏப்ரலில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் அவ்வாறு அறிவித்தனர். அரசியலமைப்பின் 99(13)ஆம் உறுப்புரையின்படி, எந்தக் கட்சியின் அல்லது சுயேச்சைக் குழுவின் வேட்புமனுவில் ஒருவருடைய பெயர் இருந்ததோ, அதிலிருந்து விலகினாலோ விலக்கப்பட்டாலோ ஆசனம் பறிபோகலாம் என்பதால், இரண்டாம் வகையினரின் 'சுதந்திரம்' எவ்வளவு தூரம் செல்லும் என்பதைச் சற்று ஐயத்துடனேயே பார்ப்பது நல்லது. வவுனியாவுக்குச் சுயேச்சை உறுப்பினர் புதிய விடயமுமல்ல. 1947இல் அத்தொகுதி செல்லப்பா சுந்தரலிங்கத்தைச் சுயேச்சையாகவே தெரிவுசெய்தது. அவர் அமைச்சராகவும் ஆகி, மலையகத் தமிழரின் குடியுரிமை தொடர்பான சட்டத்தை முன்னிட்டு 1948இல் பதவியைத் துறந்தார்.

அடுத்து, பாராளுமன்ற இணையத்தளத்தில் அமர்வுத் திகதியைக் கொண்டு ஹன்சார்டைத் தரவிறக்குங்கள். பேச்சுகள் பேசப்பட்ட மொழியிலேயே அச்சாகின்றன. எழுத்துருச் சிக்கலால் தேடல் பெட்டி தமிழ்ச் சொற்களைக் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆகவே தொடக்கத்திலுள்ள உள்ளடக்கப் பக்கத்திலிருந்து செல்வதே நம்பகமான வழி. சபாநாயகர் நீக்கச் சொன்ன சொற்கள் அச்சில் வருவதில்லை என்பதால், காணொளியில் கேட்டது பதிவில் இல்லையென்றால் உடனே சதி என்று எண்ண வேண்டியதில்லை.

நேரம் குறைவாக இருப்பவர் வாய்மூல விடைக்கான வினாக்களை மட்டுமாவது வாசிக்க வேண்டும். ஏனெனில், உரைக்கு எவரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். வினாவுக்கு அமைச்சர் பெயரோடும் திகதியோடும் விடை சொல்லியாக வேண்டும். தனி ஒருவருக்கு இதைவிடக் கூர்மையான கருவி சபையில் இல்லை என்பது என் கருத்து. வினா மூன்று மொழிகளிலும் அச்சாகும். விடை அமைச்சர் பேசிய மொழியில், பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும் என்பதால், அந்தப் பகுதியை மட்டும் ஒருவரைக் கொண்டு மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள். வினாவின் தரத்தை அதன் உட்பிரிவுகளில் காணலாம். 'வன்னியில் வனவளத் திணைக்களம் மக்களின் காணிகளைப் பிடித்துள்ளதை அமைச்சர் அறிவாரா' என்று கேட்டால் 'ஆராயப்படும்' என்ற விடையோடு காரியம் முடிந்துவிடும். ஒட்டுசுட்டான், வவுனியா வடக்கு, முசலி ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் ஒவ்வொன்றிலும் எத்தனை ஏக்கர், எந்த வர்த்தமானி அறிவித்தலின் கீழ் எல்லையிடப்பட்டது, எத்தனை ஏக்கர் எத்திகதிக்கு முன் விடுவிக்கப்படும், 'இன்றேல், ஏன்' என்று கேட்டிருந்தால், அந்த வினாவுக்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது. அமைச்சர் கால அவகாசம் கேட்டால் அதையும் குறித்துவையுங்கள். அதே வினாவை உறுப்பினர் மறுபடியும் எழுப்பினாரா, அன்று சபையில் இருந்தாரா என்பதுதான் அடுத்த சோதனை.

வாக்கைப் பொறுத்தவரை, பெயர் குறித்த வாக்கெடுப்பு நடந்தால் ஆதரித்தோர், எதிர்த்தோர் பெயர்கள் ஹன்சார்டில் வரும். குரல் வாக்கோடு நிறைவேறிய சட்டமூலத்தில் ஒருவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதை அவருடைய உரையிலிருந்தே ஊகிக்க வேண்டும். வரவு செலவுத் திட்டத்தின் இரண்டாம் மதிப்பீட்டு (இரண்டாம் வாசிப்பு) வாக்கெடுப்பைத் தவறவிடாதீர்கள். எப்படி வாக்களிப்பது என்று கட்சி உறுப்பினர்களுக்குச் சொல்லும் கொறடாவின் கட்டளை இல்லாத ஒருவர் அன்று வராமலிருப்பதும் ஒரு முடிவுதான். பிரேரணை கொண்டுவந்திருந்தால் அதை வழிமொழிந்தவர் யார் என்று பாருங்கள். தனித்து நிற்பவர் சபையில் யாரோடு சேர்ந்து இயங்குகிறார் என்பதை அந்த ஒரு பெயர் காட்டிக்கொடுக்கும்.

பேசிய நிமிடங்களை எண்ணி ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. விவாத நேரம் கட்சிகளின் ஊடாகவே பங்கிடப்படுகிறது. சுயேச்சைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வெரிட்டே ரிசேர்ச் நிறுவனத்தின் மந்திரி இணையத்தளம் போன்றவற்றின் தரவரிசைகளையும், எந்தத் துறைகளில் அவர் பங்கெடுத்தார் என்று அறியவே பயன்படுத்துங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் அதிகாரிகளை அதட்டுவது பாராளுமன்றப் பணியன்று. அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

வாசிப்பவர் வினாவை வழங்குபவராகவும் ஆகலாம். கட்சி உறுப்பினருக்குத் தகவல் திரட்ட அமைப்பு இருக்கும். சுயேச்சைக்குப் பெரும்பாலும் ஊர்தான் அமைப்பு. உங்கள் கமக்காரர் அமைப்போ கடற்றொழிலாளர் சங்கமோ கிராம அலுவலர் பிரிவு, திணைக்களக் கடிதத்தின் இலக்கம், திகதி, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, கேட்க வேண்டிய வினாவையும் உட்பிரிவுகளோடு சேர்த்து, பிரதியொன்றை வைத்துக்கொண்டு கையளிக்க வேண்டும். தனிநபருக்கு அரச அலுவலகமொன்றில் இழைக்கப்பட்ட அநீதியாயின், வினாவைவிடப் பகிரங்க மனுவே பொருத்தம். அதை உறுப்பினர் ஒருவர் ஊடாகவே சபைக்குச் சமர்ப்பிக்க முடியும் என்பதால் அவரது ஒப்பத்தைக் கேட்டுப் பெறுங்கள். அமைச்சரின் விடை வந்தபின், அதில் சொல்லப்பட்ட ஏக்கர் கணக்கை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உரிய திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். இரண்டு கணக்கும் பொருந்தாவிட்டால், அந்த இரு தாள்களையும் இணைத்து அடுத்த வினாவாக உறுப்பினரிடமே திருப்பிக் கொடுங்கள்.