முதல் உலகப் போர் ஏன் வந்தது: படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1914 ஜூன் 28 அன்று சரயேவோவில், 19 வயது கவ்ரிலோ பிரின்சிப் ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி சோஃபியையும் சுட்டுக் கொன்றான். "அதனால் போர் மூண்டது" என்று அடுத்த வரியிலேயே முடித்துவிடுவது நம்மில் பலருக்கும் பழக்கம். முதல் தவறு அதுதான். பிரிட்டன் போரில் இறங்கியது ஆகஸ்ட் 4. நடுவில் 37 நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் யார் என்ன முடிவெடுத்தார்கள் என்று பார்க்காமல் இந்தப் போர் புரியாது.

"செர்பியா பணிய மறுத்தது, அதனால் ஆஸ்திரியா தாக்கியது" என்பார்கள். இதுவும் சரியில்லை. கொலைக்குப் பின்னால் செர்பியா இருக்கிறது என்று குற்றம் சாட்டி, ஜூலை 23 மாலை, ஆஸ்திரியா அதனிடம் 10 கோரிக்கைகளை நீட்டி 48 மணி நேரம் கெடு வைத்தது. செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் பதிலை எழுதுவதும் அடிப்பதும் திருத்துவதுமாகக் கடைசி நிமிடம் வரை இழுத்தது. 25ஆம் தேதி ஆறு மணி அடிக்கச் சற்று முன்பு, பிரதமர் பாஷிச் தானே அதை எடுத்துக்கொண்டு ஆஸ்திரியத் தூதர் கீஸ்லிடம் போனார். பெரும்பாலானவற்றுக்குச் செர்பியா இணங்கியிருந்தது. கொலை விசாரணையில் ஆஸ்திரிய அதிகாரிகள் தன் மண்ணில் பங்கேற்பதை மட்டும் திட்டவட்டமாக மறுத்திருந்தது. கீஸ்ல் பதிலை மேலோட்டமாகப் பார்த்தார், உறவு முறிந்தது என்றார், 6.30 ரயிலைப் பிடித்தார். மூட்டை முடிச்செல்லாம் முன்பே தயார். எந்தப் பதில் வந்திருந்தாலும் அந்த ரயில் அவருக்காகக் காத்திருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், ஜெர்மானியப் பேரரசர் வில்ஹெல்ம் தொடக்கம் முதல் கடைசிவரை போருக்கே துடித்தார் என்ற எண்ணம். ஜூலை தொடக்கத்தில் ஆஸ்திரியாவுக்கு நிபந்தனையில்லாத ஆதரவு தந்தவர் அவர்தான், அந்தப் பழி அவரை விடாது. ஆனால் செர்பியாவின் பதிலை 28ஆம் தேதி காலை படித்ததும், இனிப் போருக்குக் காரணமே இல்லை என்று ஓரத்தில் எழுதினார். ஆஸ்திரியா பெல்கிரேடை மட்டும் பிடித்துக்கொண்டு அதோடு நின்றுகொள்ளலாம் என்ற யோசனையையும் சொன்னார். அதை அவருடைய பிரதமர் பெத்மன் ஹோல்வெக் தாமதித்து, மாற்றித்தான் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவுக்கு அனுப்பினார். அன்றே ஆஸ்திரியா தந்தி மூலம் போர் அறிவித்துவிட்டது.

கூட்டணிகள் எல்லாரையும் தானாக இழுத்துப் போட்டன என்று சொல்வதும் பாதி உண்மைதான். இத்தாலி ஜெர்மனிக்கும் ஆஸ்திரியாவுக்கும் கூட்டாளி. இது தற்காப்புப் போர் இல்லை என்று சொல்லி 1914இல் ஒதுங்கியது, 1915இல் எதிரணியில் சேர்ந்து ஆஸ்திரியாவையே எதிர்த்தது. பிரான்சுக்காகப் போரிட்டே தீர வேண்டும் என்று பிரிட்டனைக் கட்டிப்போட்ட ஒப்பந்தமும் இல்லை. பெல்ஜியத்துக்குள் ஜெர்மனி நுழைந்ததுதான் லண்டனில் தயங்கிக்கொண்டிருந்த பலரைத் திருப்பியது.

போரை யாராலும் நிறுத்தியிருக்க முடியாது என்று நினைக்கிறவர்கள் செர்பியாவின் பக்கம் நின்ற ரஷ்யாவைக் கவனிக்க வேண்டும். ஜூலை 29 இரவு, முழுப் படைதிரட்டல் ஆணை தந்தியில் போகும் தறுவாயில், வில்ஹெல்மிடமிருந்து வந்த தந்தியைப் படித்துவிட்டு ரஷ்யப் பேரரசர் ஜார் நிக்கோலஸ் அந்த ஆணையை ரத்து செய்தார். மறுநாள் பிற்பகல் வெளியுறவு அமைச்சர் சசோனோவ் நேரில் போய் வாதாடி, அதே ஆணைக்கு மறுபடி சம்மதம் வாங்கினார்.