விசாவில் இருக்கும் அரபி வரியைப் படிக்காமல் விமானம் ஏறாதீர்கள்

2006இல் டிரைவர் வேலை என்றுதான் கத்தார் போனேன். இறங்கிய மூன்றாம் நாள் கையில் மண்வெட்டி. பரமக்குடியில் நான் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் சம்பளம் 1,200 ரியால். அங்கே நீட்டிய அரபிக் காகிதத்தில் 600. முதல் காகிதத்தின் நகல்கூட என்னிடம் இல்லை. "ஏர்போர்ட்டில் தர்றேன்" என்று ஏஜென்ட் வாங்கி வைத்துக்கொண்டார்.

அதனால் விசா கைக்கு வந்ததும் முதல் வேலை, அதில் தொழில் என்று போட்டிருக்கும் அரபி வரியைப் படிக்க வைப்பது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார். 'சாயிக்' என்றால் டிரைவர். 'ஆமில்' என்றால் கூலியாள். 'ராயி' என்று இருந்தால் ஆடு மேய்க்கப் போகிறீர்கள். அன்றைக்கு நான் கேட்டிருந்தால் டிக்கெட்டே எடுத்திருக்க மாட்டேன்.

அப்புறம் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு தாண்டாதவர்களுக்குப் பெரும்பாலும் இ.சி.ஆர். என்று இருக்கும். அவர்கள் சவூதி, கத்தார், குவைத் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக எமிகிரேஷன் கிளியரன்ஸ், அதாவது நம் அரசாங்கத்தின் அனுமதி, வாங்க வேண்டும். இது அலைச்சல் என்று சொல்லி, "விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கலாம்" என்பார் புரோக்கர். அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கிளியரன்ஸ் இல்லையென்றால் உங்கள் ஒப்பந்தம் நம் அரசாங்கத்தின் பதிவில் இருக்காது. விசிட் விசாவில் வேலை பார்த்துப் பிடிபட்டால் குற்றவாளி நீங்கள்தான், புரோக்கர் அல்ல.

கிளியரன்ஸோடு பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375, வரி தனி. விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக ஊனமானாலோ 10 லட்சம்.

ஏஜென்டின் பதிவு எண்ணை அரசாங்கத்தின் இ-மைகிரேட் தளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழை நம்ப வேண்டாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ரசீது தரவில்லையா, எழுந்து வந்துவிடுங்கள். நான் 85,000 கொடுத்தேன், துண்டுச்சீட்டுகூட இல்லாமல்.

போய்ச் சேர்ந்ததும் பத்தாக்கா (அங்கே தங்குவதற்கான அடையாள அட்டை) அடிக்க பாஸ்போர்ட்டைக் கேட்பார்கள். கொடுங்கள், அட்டை அடித்து முடிந்ததும் திருப்பிக் கேளுங்கள். அதை முதலாளி பிடித்து வைப்பது கத்தார் சட்டப்படி தவறு. 2020க்குப் பிறகு அங்கே பழைய முதலாளியின் என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லை என்ற கடிதம்) இல்லாமலே வேலை மாறலாம்; 2021 மார்ச்சிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். இதெல்லாம் என் காலத்தில் கிடையாது.

சம்பளம் வரவில்லையென்றால் அடுத்த மாதம் சேர்த்துத் தருவார்கள் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். தூதரகத்துக்குப் போங்கள். நம் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' (MADAD) என்ற புகார்த் தளத்தில் (பெயர்தான் அப்படி, இந்தியில் உதவி என்று அர்த்தம்) ஊரிலிருந்து வீட்டுக்காரர்களும் புகார் போடலாம். அதற்கு அவர்களிடம் பாஸ்போர்ட், விசா, ஒப்பந்த நகல்களும், கம்பெனியின் முழுப்பெயரும், நீங்கள் தங்கும் கேம்ப் இருக்கும் இடமும் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் மட்டும் வைக்காமல் காகிதத்திலும் எழுதிக் கொடுங்கள். என் மனைவி காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். 2008இல் நான் இரண்டு மாதம் போன் பண்ணாமல் போனபோது அந்த அட்டையை எடுத்துக்கொண்டுதான் கலெக்டர் ஆபீஸுக்கு நடந்தாள்.