காப்பீட்டு அட்டை வாங்கியதோடு நின்றுவிடாதீர்கள்: மருத்துவ வசதிக்காகப் போராடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவச் செலவு கடனில் கொண்டுபோய் விடாத நிலை வர வேண்டும் என்று மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பலர் உழைக்கிறார்கள். மகளிர் குழுக்கள், இளைஞர் மன்றங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று யார் யாரோ கையெழுத்து வாங்குகிறார்கள், மனு எழுதுகிறார்கள். அப்படியும் பல மனுக்கள் கிடப்பில் போய்விடுகின்றன. கேட்பதைச் செய்து கொடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்க்காமல் கேட்பதுதான் இதற்குப் பெரிய காரணம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப்படும் மனுக்களைப் பாருங்கள். டாக்டர் இல்லை, மாத்திரை இல்லை, எய்ம்ஸ் சீக்கிரம் வர வேண்டும், காப்பீட்டு வருமான வரம்பை உயர்த்த வேண்டும் என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கும். அந்தத் தாள் எந்த மேசைக்குப் போகும்? ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்ட சுகாதார அலுவலர்; பழைய வழக்கத்தில் துணை இயக்குநர் என்று சொல்வார்கள். மேலூர், உசிலம்பட்டி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனை என்றால் மருத்துவப் பணிகள் இணை இயக்குநர். பெரிய ஆஸ்பத்திரி, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனை என்றால் டீன். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை, ஒரு அலுவலர். கலெக்டருக்குக் கொடுத்தாலும் எந்த அலுவலருக்கு அனுப்ப வேண்டும் என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள்.

தோப்பூர் எய்ம்ஸுக்கு 2019 ஜனவரி 27-இல் அடிக்கல் நாட்டினார்கள். சொந்தக் கட்டடம் தயாராகாததால், முதல் மாணவர்கள் 2022-இல் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் படிக்கத் தொடங்கினார்கள். இந்தத் தாமதத்தைக் கேட்பது நம் உரிமை. ஆனால் அது ஒன்றிய அரசின் திட்டம், எம்.பி. வழியாக நாடாளுமன்றத்தில் எழ வேண்டிய கேள்வி. அந்தப் பெரிய கட்டடத்தையே பேசிக்கொண்டு, பக்கத்துத் துணை சுகாதார நிலையம் பூட்டிக் கிடப்பதைக் கவனிக்காமல் விட்டால் இழப்பு நமக்குத்தான்.

அடுத்த தவறு, காப்பீட்டு அட்டை முகாம் நடத்தியதும் வேலை முடிந்தது என்று நினைப்பது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறிய இது ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆனால் இது பட்டியலில் உள்ள அறுவை சிகிச்சைகளுக்கும், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கும், சில குறிப்பிட்ட பரிசோதனைகளுக்கும்தான். காய்ச்சலுக்குப் பார்க்கும் டாக்டர் ஃபீஸும், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரையும் கைக்காசுதான். அந்தக் காசு மிச்சப்பட வேண்டுமானால் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் ஒழுங்காக நடக்க வேண்டும். அட்டைக்காக ஒரு நாள் நிற்கும் கூட்டம் அதற்காகவும் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வருமான வரம்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் இந்த அட்டை; அதாவது மாதம் 10,000. கணவன் கொத்து வேலைக்கும் மனைவி சித்தாள் வேலைக்கும் போகும் வீடு, வேலை ஒழுங்காகக் கிடைக்கும் மாதங்களில் இதைத் தாண்டிவிடும். அவர்கள் வசதியானவர்களா? இதை மாற்றச் சொல்லி வி.ஏ.ஓ.விடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர் சான்றுதான் தர முடியும். வரம்பை நிர்ணயிப்பது மாநில அரசு. எம்.எல்.ஏ.விடமும் சுகாதாரத் துறைச் செயலரிடமும் கொண்டுபோங்கள். உள்ளூர்க் குடும்பங்கள் சிலவற்றின் ஒரு வருட வரவு செலவை, பெயர் இல்லாமல், கணக்காக எழுதி இணையுங்கள். பொத்தாம்பொதுவாக “ஏழைகள் பாதிக்கப்படுகிறார்கள்” என்று எழுதுவதைவிட அந்தக் கணக்குக்குப் பலம் அதிகம்.

அட்டை இருந்தும் தனியார் மருத்துவமனையில் டெபாசிட் கேட்டால், பலர் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகு புகார் செய்கிறார்கள். அதற்குள் விஷயம் கை நழுவியிருக்கும். நோயாளி உள்ளே இருக்கும்போதே, சிகிச்சைக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் முன் அனுமதி வந்துவிட்டதா என்று அங்குள்ள காப்பீட்டுத் தொடர்பு அலுவலரிடம் கேளுங்கள். அனுமதி கிடைத்த சிகிச்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. 1800 425 3993 என்ற இலவச எண்ணில் அப்போதே புகாரைப் பதியுங்கள். பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தை நம்மவர்கள் வீணடிக்கும் விதம் வருத்தம் தருகிறது. “எங்கள் ஊரில் ஏன் டாக்டர் இல்லை?” என்று கேட்டால் பதில் வராது. அந்தச் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் தரும், விளக்கம் சொல்லாது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, கடந்த மூன்று மாத வருகைப் பதிவேட்டின் நகல் என்று கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. பதில் வரவில்லை என்று அங்கேயே விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

மருந்துத் தட்டுப்பாட்டுக்கும் இதே வழி. “இல்லை, வெளியே வாங்கிக்கோங்க” என்று மருந்து கொடுப்பவர் சொன்னதும் அவரைத் திட்டுகிறார்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவது 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு, அதில் ஒதுக்கிய தொகைக்குள் மாவட்டக் கிடங்கில் மருந்து எடுக்கிறார்கள். கிடங்கிலேயே இல்லையா, மருத்துவமனை கேட்கவே இல்லையா, ஒதுக்கீடு தீர்ந்துவிட்டதா? மூன்றுக்கும் பொறுப்பாளி வேறு வேறு. இருப்புப் பதிவேட்டு நகல் கையில் இருந்தால் யாரிடம் போவது என்று தெரிந்துவிடும். வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வராத தெருக்களையும் இப்படித்தான், தெருப் பெயர், தேதியோடு பட்டியலாகக் கொடுக்க வேண்டும்.

டூட்டி டாக்டரிடமும் நர்ஸிடமும் மோதி வீடியோ எடுத்துப் போடுவது போராட்டம் ஆகாது. மூன்று வார்டு வேலையை ஒருவராகச் செய்யும் நர்ஸ், காலிப் பணியிடத்துக்காகக் குரல் கொடுக்க நம்மோடு சேர வேண்டியவர்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே ஆவேசமாகப் பேசிவிட்டு, தீர்மானப் பதிவேட்டில் என்ன எழுதினார்கள் என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். பேசியது பதிவாகாவிட்டால் பேசாததுபோலத்தான். கோரிக்கையை முன்பே எழுதி ஊராட்சி செயலரிடம் கொடுங்கள், அது வார்த்தை மாறாமல் தீர்மானமாக ஏறியதா என்று வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள், நகல் வாங்குங்கள். பிரசவம், குழந்தை, வயதானவர்களின் மருந்து எல்லாம் பெண்கள் தலையில் இருக்கும்போது மைக் ஆண்கள் கையிலேயே இருப்பதும் மாற வேண்டும்.

கடைசியாக, நோயாளியின் மானம். இரக்கம் வரட்டும் என்று ஒருவர் படுக்கையில் கிடக்கும் படத்தையும் மருத்துவ ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுகிறார்கள். ஹெச்.ஐ.வி. பாதித்தவர் விவரத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மற்ற நோய்களிலும் அதே மரியாதையைக் காட்டுங்கள். படமோ பெயரோ வெளியிடும் முன் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அவர் வேண்டாம் என்றால், வயதையும் ஊரையும்கூட எடுத்துவிட்டு, செலவுக் கணக்கை மட்டும் மனுவில் சேருங்கள்.