எட்டுப் போட்டதோடு படிப்பு முடியவில்லை: பழகிய பைக் ஓட்டிகள் செய்யும் தவறுகள்

ஆர்டிஓ மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டுப் போட்டுக் காட்டினோம், லைசென்ஸ் கைக்கு வந்தது. மெதுவாகப் போகும்போது வண்டியைச் சாயாமல் பிடிக்கத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் அந்த எட்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே ஆட்டோ சட்டென்று யு-டர்ன் அடித்தால் என்ன செய்வாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அதனால் "பதினைந்து வருஷமா ஓட்டுறேன், எனக்கெதுக்குப் பயிற்சி" என்று யாராவது சொன்னால் எனக்கு உள்ளூர ஒரு பயம் வரும், ஏனென்றால் நானும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

பெரிய தவறு பிரேக்கில். வண்டி கற்றுக்கொடுத்த மாமாவோ அண்ணனோ "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கி அடிச்சிடும்" என்று என்றோ சொன்னது அப்படியே ஊறிப்போய், அவசரம் என்றதும் வலது கால்தான் முதலில் இறங்குகிறது. ஆனால் பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது, லேசான சக்கரத்தை ஓங்கி மிதித்தால் அது சுற்றாமல் நின்று வழுக்கும். மழை விட்ட ஒரு சாயங்காலம் குறுக்கே வந்த நாய்க்காக நான் அப்படித்தான் மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் என்னை முந்திக்கொண்டு போனது. நாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்கால்.

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்பவரின் குழு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 900 பைக் விபத்துகளை நடந்த இடத்துக்கே போய் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட அறிக்கையிலும் இதே கதைதான்: பின் பிரேக்கை அழுத்தி வழுக்கவிட்டிருக்கிறார்கள், முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கவில்லை. அவர்களில் 92 சதவீதம் பேர் தாங்களாகவோ வீட்டாரிடமோ நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள். தவிர்க்க முயல அவர்களுக்குப் பெரும்பாலும் 2 விநாடிகூடக் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் யோசித்துச் செய்ய முடியாது, கை ஏற்கெனவே பழகியிருந்தால்தான் உண்டு.

பழகுவது எப்படி? ஞாயிறு காலை, ஆள் நடமாட்டம் இல்லாத, மண் இல்லாத தார் அல்லது சிமென்ட் தரை, தலையில் ஸ்ட்ராப் மாட்டிய ஹெல்மெட். 20 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கி, வண்டி நேராக இருக்கும்போது முன் பிரேக்கை எலுமிச்சம்பழம் பிழிவது மாதிரி படிப்படியாக இறுக்குங்கள், கூடவே பின் பிரேக்கை லேசாக. வெடுக்கென்று பிடித்தால்தான் மாமா சொன்னது நடக்கும். பிரேக்கைத் தொட்ட இடத்தில் ஒரு செங்கல், நின்ற இடத்தில் இன்னொன்று வைத்துப் பாருங்கள், அப்புறம் 30, 40 என்று ஏற்றுங்கள். உங்கள் சொந்த வண்டியிலேயே பழகுங்கள், இரவல் வண்டியில் பழகிய அளவு உங்கள் விரலுக்கு உதவாது.

"என் வண்டியில ஏபிஎஸ் இருக்கே" என்பது அடுத்த தவறு. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம், சரி. ஆனால் பல வண்டிகளில் அது முன்சக்கரத்துக்கு மட்டும்தான், பின்சக்கரம் பழையபடியே வழுக்கும். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும், நிற்கும் தூரத்தை எப்போதும் குறைத்துத் தரும் என்று நம்பியிருக்க முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 60-இல் போகிறவர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கைத் தொட ஒரு விநாடி எடுத்தால் அதற்குள்ளேயே 17 மீட்டர் போயிருப்பார், காய்ந்த சாலையில் நன்றாகப் பிடித்தாலும் நிற்க இன்னும் 20 மீட்டர், ஆக மொத்தம் ஏறக்குறைய மூன்று பேருந்து நீளம். வேகம் 80 என்றால் அது ஐந்து பேருந்து ஆகிறது. முன்னால் போகிற லாரியின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதை வாசிக்கும் தூரத்தில் ஒட்டிக்கொண்டு போகிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

வளைவுக்கு வருவோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களை என்ன சொல்ல, கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், அதையும் விட்டுவிட்டு பிரேக்கைச் சூடாக்குகிறார்கள். வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்து, கியரைக் குறைத்து, பிறகு திரும்ப வேண்டும். சாய்ந்த பிறகு முன் பிரேக்கை இறுக்கினால் டயர் பிடியை விட்டுவிடும். இன்னொன்று, கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கேதான் போகும். பள்ளத்தையே வெறித்துப் பார்த்தால் பள்ளத்துக்குள்தான். வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். வேகத்தில் வலது பக்கம் திரும்ப வலது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ள வேண்டும் என்பது கேட்க முட்டாள்தனமாக இருக்கும், ஆனால் நாம் எல்லோரும் தெரியாமல் அதைத்தான் செய்கிறோம். தெரிந்து செய்யப் பழகினால் கடைசி நொடியில் பள்ளத்தையோ கல்லையோ விலக்கிப் போக முடியும்.

இதற்கெல்லாம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் முழங்கால் தரையில் உரச ஓட்டினால்தான் பயிற்சி என்று நினைப்பதும் ஒரு தவறுதான். டிராக்கில் பார்வையும் சாய்வும் நன்றாகப் படியும், மறுக்கவில்லை. ஆனால் அங்கே ராங் சைடில் யாரும் வருவதில்லை, மாடு படுத்திருப்பதில்லை. பயிற்சி முடித்துவிட்டு ஈசிஆரில் வேகத்தை 20 கிலோமீட்டர் கூட்டி ஓட்டுகிறவரைவிட, பயிற்சிக்கே போகாதவர் பத்திரம் என்பது என் கருத்து.

கடைசியாக, தனியாகப் பழகியதோடு விட்டுவிடாதீர்கள். பின்னால் ஆள் உட்கார்ந்தால் எல்லாம் மாறும். பிரேக் பிடித்ததும் அவர் உங்கள் முதுகில் சாய்வார், உங்கள் கை மடங்கும், ஹேண்டில்பார் ஆடும். முட்டிகளால் டேங்கை இறுக்கிப் பிடித்தால் கைக்குச் சுமை குறைகிறது. நான் என் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் செங்கல் வைத்துப் பார்த்தேன். முதல் தடவை இரண்டாவது செங்கலைத் தாண்டிப் போய்த்தான் நின்றோம்.