குற்றச் செய்தி எழுதும்போது எங்கெல்லாம் சறுக்குகிறோம்?

போலீஸ் ஒருவரைக் கைது செய்த அடுத்த நிமிடமே வாட்ஸ்அப்பில் அவர் குற்றவாளி ஆகிவிடுகிறார். முதல் தகவல் அறிக்கை என்பது பெயரிலேயே இருப்பதுபோல முதலில் வந்த தகவல்தான். குற்றப்பத்திரிகை தாக்கலானாலும் அது போலீஸ் தரப்பின் வாதம். தீர்ப்பு வரும்வரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர். ஜாமீன் கிடைத்தால் ‘விடுதலை’ என்று போடுவதும் தப்பு. வழக்கு அப்படியேதான் இருக்கும், வாய்தாவுக்கு அவர் வந்து நிற்க வேண்டும்.

‘பூட்டை உடைத்து நகை கொள்ளை’ என்ற தலைப்பைப் பார்க்காத வாரம் இல்லை. வீட்டில் ஆளே இல்லாதபோது எடுத்துப் போனால் சட்டப்படி அது திருட்டு. அடித்தோ மிரட்டியோ பறித்தால்தான் கொள்ளை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை. சும்மா பெயர் வித்தியாசம் இல்லை இது. வீட்டுத் திருட்டுக்கு 7 ஆண்டு வரை சிறை, கூட்டுக்கொள்ளைக்கு ஆயுள் தண்டனையே கிடைக்கலாம்.

இப்போது பெரிய குழப்பம் பிரிவு எண்களில். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் போய், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பழைய 302 கொலை. புதிய சட்டத்தில் கொலைக்குத் தண்டனை 103-இல் இருக்கிறது. அதில் 302 என்பது வேண்டுமென்றே மத உணர்வைப் புண்படுத்தும்படி பேசுவது. பழைய 309 தற்கொலை முயற்சி, புதிய 309 கொள்ளை. மோசடிக்கான 420-உம் 318 ஆகிவிட்டது, திட்டுவதற்கு மட்டும் பழைய எண்ணே வசதி! ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டம்தான் பொருந்தும். எனவே எண்ணை எழுதும்போது எந்தச் சட்டம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

அப்புறம், பாவத்தைக் குற்றத்தோடு கலப்பது. இன்னொருவரின் மனைவியோடு ஓர் ஆண் வைத்துக்கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய, பழைய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் ரத்து செய்தது. உடனே ‘கள்ளக்காதலுக்கு அனுமதி’ என்று பலர் கொதித்தார்கள். அனுமதி ஒன்றும் தரவில்லை, சிறைத் தண்டனையைத்தான் எடுத்தார்கள். விவாகரத்துக்கு அது இன்றும் காரணம்தான். அது பாவம் என்று சொல்லும் மதங்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன. மதத்துக்குள்ளேயும் எல்லாப் பாவமும் ஒரே எடை இல்லை. கத்தோலிக்கர்கள் ஒன்றைச் சாவான பாவம், அதாவது மிகக் கடுமையான பாவம் என்று சொல்ல, விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், தெரிந்து செய்திருக்க வேண்டும், மனம் ஒப்பிச் செய்திருக்க வேண்டும்.

தோஷத்தைப் பாவம்போல் பேசுவது இன்னும் மோசம். செவ்வாய் தோஷம் என்று ஒதுக்கப்படும் பெண் என்ன தப்பு செய்தாள்? ஜாதகக் கட்டத்தில் ஒரு கிரகம் நிற்கும் இடம் அது, அவ்வளவுதான்.

கடைசியாக, மொழிக் காவலர்களுக்கு. மொழியில் வரும் வழு (பிழை) எல்லாமே தண்டனைக்குரியது இல்லை. ஏழு வயதுக்குக் கீழுள்ள குழந்தை செய்வது எதுவும் குற்றமாகாது என்று சட்டம் விலக்கு தருவதுபோல, இலக்கணம் வழுவமைதி என்று ஒன்றை, அதாவது பிழையானாலும் காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்வதை, வைத்திருக்கிறது. பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பது, அஃறிணையை உயர்திணையாகச் சொல்வதால், திணை வழுதான். ஆனால் அன்பினால் சொன்னது என்பதால் இலக்கணமே அதை ஏற்றுக்கொள்கிறது.